மூன்றடிச் சந்துக்கு ஓர் அனுமதிக் கடிதம்

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ரெண்டு காப்பி' என்றால்தான் தெரியும். பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடையின் முன்பாதியில் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் போட்டுக்கொண்டு பத்திரம், ஒப்பந்தம், நோட்டீஸ் எல்லாம் எழுதித் தருபவர் அவர். பதினாறு வருடமாக எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் கட்சிக்காரர்களிடம் பேசுவதெல்லாம் என் காதில் விழும். ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் சும்மா விடமாட்டேன். காது இருக்கிறது, விழுகிறது, நான் என்ன செய்ய?

அந்தப் பட்டப்பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. எதை எழுதினாலும் பலகையைத் தட்டி, "தங்கச்சி, ரெண்டு காப்பி போடு" என்பார். வீட்டு வாடகையானாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கடன் வாங்கிய சீட்டானாலும் சரி. இரண்டிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போகவேண்டும். "ஒரே காகிதம் ஒருத்தர் வீட்ல இருந்தா அது அவர் சொல்றதுதான். ரெண்டு வீட்லயும் இருந்தாத்தான் அது பேச்சு" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

என்னை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவதில் ஒரு சங்கதி இருந்தது. சொந்தத் தங்கை ஒருத்தி அவருக்கு உண்டு. தையல்காரி. அவர் வீட்டுக்கு நேர் பின்னால்தான் அவள் வீடு. ஆனாலும் பதினோரு வருடமாக அவள் அவர் வீட்டு வாசல்படியை மிதித்தது ஒரே ஒருமுறை, அண்ணி இறந்த அன்று மட்டும். அந்தத் தங்கை ஒருநாள் பழையபடி அவர் வீட்டுச் சந்து வழியாக நடந்து வரமாட்டாளா என்பதுதான் அந்த மனிதருடைய ஒரே ஆசை. வேறு ஆசை எதையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இதையும்கூட வாயால் சொன்னதில்லை. காலையில் அவர் வீட்டுப் பக்கம் போன யாருக்கும் தெரியும்.

சந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா விட்டுப்போன ஒரே மனையை அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொண்டார்கள். பெரிய தெருவைப் பார்த்த முன்பாதி அவருக்கு, பின்தெருவைப் பார்த்த பின்பாதி அவளுக்கு. அவர் வீட்டுச் சுவரை ஒட்டி அவர் இடத்திலேயே மூன்றடி அகலத்தில் ஒரு சந்து. அவளுடைய கொல்லைக் கதவைத் திறந்தால் சந்து, சந்தின் பாதியில் அவருடைய சமையலறைக் கதவு, சந்தின் முனையில் பெரிய தெரு. அந்த வழியாக வந்தால் அவள் பஸ் ஸ்டாப்புக்கு இரண்டு நிமிடம். பின்தெருவைச் சுற்றி வந்தால் கால் மணி நேரம், அதுவும் கையில் துணி மூட்டை.

அந்தச் சந்தை அவர் தினமும் காலையில் பெருக்குவார். அதில் ஒரு பூந்தொட்டி கிடையாது, சைக்கிள் கிடையாது. தண்ணீர்த் தொட்டி வைக்க வேறு இடமில்லாமல் மாடியில் தூண் எழுப்பி வைத்தார், சந்தில் வைக்கவில்லை. "சும்மா கெடக்கிற எடந்தானேண்ணே" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "அது வழிம்மா, வழியில யாராவது சாமான் வைப்பாங்களா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். யாரும் நடக்காத வழி.

தொழிலில் மனுஷன் கெட்டிக்காரர், அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வீட்டுக்காரர்கள் மதில் சண்டையோடு வந்தால் முதலில் இருவருடைய மூலப் பத்திரத்தையும் கேட்பார். வாய்க்கணக்கு எடுபடாது. அப்புறம் இடத்துக்கே போய் டேப்பை நீட்டுவார். ஆனால் அதை அவர் பிடிக்கமாட்டார். ஒரு முனையை இவர் கையில் கொடுப்பார், மறுமுனையை அவர் கையில். "நான் அளந்தா நாளைக்கு என்னைத் திட்டுவீங்க. நீங்க பிடிச்ச டேப்பை நீங்களே திட்டிக்குங்க" என்பார். அளவைச் சத்தமாகப் படிக்க வைத்து, அங்கேயே எழுதி, அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுவார். பாதிச் சண்டை அந்த டேப்போடு சுருண்டுவிடும்.

மேசையில் ஒரு இழுப்பறை உண்டு. அதற்கு நான் வைத்த பெயர் கோப இழுப்பறை. 'மரக்கிளை என் பக்கம் சாய்கிறது, உடனே வெட்டாவிட்டால் வழக்கு' என்று மூச்சிரைக்க ஒருத்தர் வந்தால், அவர் சொன்னபடியே சுடச்சுட நோட்டீஸ் எழுதி, அதை அந்த இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார். "மூணு நாள் கழிச்சு வாங்க, தரேன். அதுக்குள்ள ஒரு தடவை அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுடுங்க. வாயால கேட்டுட்டு, அப்புறம் லெட்டர், அப்புறம்தான் வக்கீல்." பாதிப் பேர் திரும்பியே வரமாட்டார்கள். இழுப்பறை நிறைந்தால் வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிழிப்பார். அடேயப்பா, எத்தனை கோபம்!

பேக்கரிக்காரரும் அவர் சகலையும் கூட்டாகத் தொழில் தொடங்கியபோது நடந்ததைச் சொல்லவேண்டும். இருவரும் சிரித்துக்கொண்டே ஒப்பந்தம் எழுத வந்தார்கள். நம்மாள் பேனாவைத் திறக்காமலே, "பிரிஞ்சா அடுப்பு யாருக்கு?" என்றார். பேக்கரிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "என்னண்ணே, இன்னும் சேரவே இல்லை, அதுக்குள்ள அபசகுனமா பேசறீங்க?"

"இப்பக் கேட்டாத்தான் ரெண்டு பேரும் நல்ல மனசோட பதில் சொல்வீங்க. பிரியற அன்னைக்குக் கேட்டா அடுப்பைத் தூக்கி ஒருத்தர் தலையில ஒருத்தர் போடுவீங்க. சொல்லுங்க, அடுப்பு யாருக்கு, கடைப் பேரு யாருக்கு?"

எழுதினார்கள். மூன்றாம் வருடம் பிரிந்தார்கள். அடுப்பு ஒருவருக்கு, பெயர் ஒருவருக்கு, சண்டையே இல்லை. இன்றும் இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் கல்யாணத்துக்குப் போகிறார்கள். ஊருக்கெல்லாம் இப்படி வழி சொன்ன மனிதர் தன் வீட்டில் எங்கே கோட்டை விட்டார் என்று கேட்டால், அதுவும் ஒரு காகிதம்தான்.

பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு வழக்குக்கு அவர் பதில் எழுதிக்கொடுத்தார். ஒருத்தர் தன் முற்றத்தில் பக்கத்து வீட்டாரைப் பல வருடம் நடக்கவிட்டார், வாயைத் திறந்து அனுமதி என்று சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிள்ளைகள் காலத்தில் அந்த நடையே உரிமையாகிவிட்டது, முற்றம் பாதி போய்விட்டது. தன் சந்தும் அப்படிப் போய்விடுமோ என்று இவர் பயந்தார். நேராகப் போய்த் தங்கைக்கு ஒரு அனுமதிக் கடிதம் எழுதினார். 'இந்தச் சந்தை நான் உரிமையாக அல்ல, அண்ணனின் அனுமதியின் பேரில் பயன்படுத்துகிறேன். இந்த அனுமதி ஓராண்டுக்கு மட்டும். ஆண்டுதோறும் பின்பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டுப் புதுப்பிக்கவேண்டும்.' பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து இருபது கட்டம் போட்டார். தேதி, அவள் கையெழுத்து, இவர் கையெழுத்து. என்னிடம்தான் இரண்டு காப்பி போட்டார்.

"உங்க தங்கச்சிக்கு மனசு கஷ்டமா இருக்காதாண்ணே?" என்று கேட்டேன்.

"அவ ஒண்ணும் நெனைக்கமாட்டா. நாளைக்கு என் புள்ளையும் அவ பொண்ணும் கோர்ட்டுல நிக்கக்கூடாதுன்னுதானே எழுதறேன்?"

அவளும் ஒன்றும் சொல்லவில்லையாம். "சரிண்ணா" என்று கையெழுத்துப் போட்டுத் தன் காப்பியை மடித்து வைத்துக்கொண்டாளாம். அந்த வருடம் முழுக்க வழக்கம்போல் சந்து வழியாக வந்தாள், அண்ணியோடு உட்கார்ந்து தேநீர் குடித்தாள், போனாள். வருடம் முடிந்த வாரத்தில் அண்ணி போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டுக்குத் தங்கை வந்தாள். ஆனால் பின்தெருவைச் சுற்றிப் பெரிய தெரு வழியாக வந்தாள். அன்றோடு சந்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். கொல்லைக் கதவு சாத்தியதுதான், திறக்கவே இல்லை.

இவர் என்ன நினைத்தார்? அந்தப் பாழாய்ப்போன கடிதம் அவள் மனதை அறுத்துவிட்டது, அண்ணி இருந்த வரைக்கும் அண்ணிக்காகப் பொறுத்துக்கொண்டாள், இப்போது காட்டிவிட்டாள் என்று நினைத்தார். ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்து, தன் காப்பியை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "ஒழிஞ்சது சனியன். இனிமே காகிதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவ வரட்டும்" என்றார். வரவில்லை. எதிரில் பார்த்தால், "நல்லா இருக்கியா?" "இருக்கேண்ணா" அவ்வளவுதான் பேச்சு. போய்க் கேட்டால்தான் என்ன என்று நான் நூறு தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். "வாயால கேளுங்கன்னு ஊருக்குச் சொல்றீங்களே?" என்றால் இழுப்பறையைத் திறந்து எதையாவது தேடுவார். அழுத்தக்காரர். அவளும் அதே அச்சு. அரை விரல் அளவு தப்பினால் முழு ஜாக்கெட்டையும் பிரித்துத் தைப்பவள்.

அவர் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் தையல் மெஷின். பகலில் சாப்பிட வீட்டுக்குப் போனால் அந்தச் சத்தம் கேட்கும் என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னார். "இன்னைக்கு மூணு தடவைதான் ஓடுச்சு, ஒடம்பு சரியில்லையோ என்னமோ" என்றார். ஒரு மெஷின் சத்தத்தை எண்ணிக்கொண்டு ஒரு அண்ணன் சோறு தின்கிறாரே என்று வயிறு எரிந்தது.

போன மாதம் பேக்கரிக்காரர் வந்தார். அவருடைய புதிய அடுப்புக்குப் பின்தெருவில் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொல்லி, ஒப்பந்தம் எழுதவேண்டும் என்றார். வீட்டு எண்ணைச் சொன்னதும் பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். நம்மாள் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"அது என் தங்கச்சி வீடு. முதல்லயே சொல்லிடறேன். வேணும்னா நீங்க வேற ஆள்கிட்ட எழுதிக்குங்க."

"அந்தம்மா சொன்னாங்கண்ணே. மக தூரத்துல இருக்கு, வந்துடும்மான்னு கூப்பிடுதாம். யார் எழுதினாலும் சரின்னுட்டாங்க. எனக்கு உங்களை விட்டா யாரு?"

எழுதினார். கண்டிப்போடு எழுதினார். விற்பவர் எக்காரணம் கொண்டும் பின்வாங்க இயலாது, முப்பது நாளில் வீட்டைக் காலி செய்து தரவேண்டும், முன்புறச் சந்து வேறொருவர் இடம், வீட்டோடு வராது. ஒரு ஓட்டையும் கிடையாது. "சொந்தத் தங்கச்சியைக் கட்டிப் போடறீங்களே" என்று பொறுக்காமல் கேட்டேன். "வாங்கறவர் என் கட்சிக்காரர், அவருக்குப் பாதுகாப்பா எழுதறதுதான் என் வேலை" என்றார். போகிறவள் போகட்டும் என்ற வீம்பு அது. எனக்குத் தெரியாதா?

ஒன்பது நாள் கழித்து, பதிவுக்குமுன் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும் என்று பேக்கரிக்காரர் தங்கையின் முழு ஃபைலையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். மூலப் பத்திரம், பாகப் பிரிவினை, வில்லங்கச் சான்று, வரி ரசீதுகள் என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு காகிதம். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த அனுமதிக் கடிதம், அவளுடைய காப்பி. பழக்கத்தில் பின்பக்கமும் எடுக்கலாம் என்று திருப்பினேன்.

பதினோரு கட்டத்தில் அவள் கையெழுத்து இருந்தது. ஒவ்வொரு வருடமும் அதே மாதம், அதே தேதி. ஊதா மை, நீல மை, ஒரு வருடம் துணியில் கோடு போடுகிற பென்சில். எதிரே அவர் கையெழுத்துப் போடவேண்டிய பதினோரு கட்டமும் காலி.

மெஷினை நிறுத்திவிட்டுப் பலகையைச் சுற்றிப் போய் அவர் மேசையில் அதை வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கத்தைப் படித்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். காலிக் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

"என் காப்பியைத்தானே கிழிச்சேன்" என்றார். "அவகிட்ட ஒண்ணு இருக்குங்கிறதே எனக்கு ஞாபகம் வரலையே தங்கச்சி."

ஊருக்கெல்லாம் இரண்டு காப்பி என்று பாடம் நடத்தியவர்! திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் வரவில்லை.

எழுந்தார். "நீயும் வா, ஒரு சாட்சி வேணும்" என்றார். கடையை அப்படியே போட்டுவிட்டு அவரோடு போனேன். பின்தெருவைச் சுற்றுவார் என்று நினைத்தேன். சந்துக்குள் நுழைந்து போய்க் கொல்லைக் கதவைத் தட்டினார். உள்ளே மெஷின் நின்றது.

"யாரு?"

"நான்தாம்மா."

பிறகு தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம். துருப்பிடித்து அசையவில்லை. "இருண்ணா" என்று உள்ளே போய் மெஷினுக்கு விடுகிற எண்ணெயைக் கொண்டுவந்து விட்டு, கத்தரிக்கோலால் தட்டித் தட்டித்தான் திறந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப், கை முழுக்க எண்ணெய். அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கையிலிருந்த காகிதத்தைத்தான் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"கையெழுத்து."

"வருஷா வருஷமா போட்டே?"

"தேதி வந்துச்சு, போட்டேன். அண்ணி போன துக்கத்துல மறந்துட்டே, அடுத்த வாரம் நீயே வந்து உன் பக்கம் போடுவேன்னு நெனச்சேன். வரலை. அடுத்த வருஷமாவது நீ வருவேன்னு நெனச்சேன். நீ புதுப்பிக்கலைன்னா நான் வரவேண்டாம்னுதானே அர்த்தம்? நீ எழுதினதுதானே?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீ?"

"நீ கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். "தெனமும் காலையில நீ பெருக்கற சத்தம் இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்பேன். என்னை வரவேண்டாம்னுட்டு யாருக்காகப் பெருக்கறான்னு தோணும்."

நின்றபடியே அந்தச் சுவரில் காகிதத்தை வைத்து அவர் பேனாவைத் திறந்தார். முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியை எழுதினார். இரண்டாவது கட்டத்திலும் இன்றைய தேதி. "பழைய தேதியே போட்டுடுங்களேண்ணே, யாரு பார்க்கப் போறா?" என்றேன் நான், பொறுக்கமாட்டாமல். "பொய்த் தேதி போடமாட்டேன்" என்றார். பதினோரு வருடமும் ஒரே நாளில் கையெழுத்தாயிற்று. சாட்சியாக நான் ஓரத்தில் போட்டேன்.

அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வீடு விக்கறதை இனிமே நிறுத்த முடியாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முடியாது. நான்தான் எழுதினேன்."

"படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கே."

அதில் குத்தல் இல்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது. பேக்கரிக்காரரிடம் நான் பேசுகிறேன், நல்ல மனுஷன், விட்டுக்கொடுப்பார் என்று குதித்தேன். அவள்தான் வேண்டாம் என்றாள். மகளிடம் வருவதாகச் சொல்லியாயிற்று, அவரும் அடுப்புக்குச் சொல்லிவிட்டார், ஒரு வார்த்தைக்கு எத்தனை பேர் காத்திருப்பது என்றாள்.

"இன்னும் எத்தனை நாள்ணா இருக்கு?"

"இருபத்தொரு நாள்."

"அப்ப வா, தேநீர் போடறேன். இல்லை, இரு. உன் வீட்டுக்கு நான் வரேன்."

கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். சந்தில் முதலில் கால் வைக்கும்போது ஒரு கணம் தயங்கினாள். பிறகு நடந்தாள்.

அந்த இருபத்தொரு நாளும் அவர் மத்தியானம் கடைக்குத் தாமதமாகத்தான் வந்தார். கட்சிக்காரர்கள் நாற்காலியில் காத்துக் கிடந்தார்கள். எனக்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை. ஒருநாள் அவர் சட்டைப் பொத்தான் எல்லாம் புதிதாக இருந்தது. ஒருநாள் தொளதொள கால்சட்டை அளவாக வந்தது. நான் கேலி செய்தேன், அவர் சிரித்தார். அந்தப் பதினாறு வருடத்தில் அவர் பல் வரிசையை நான் அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன்.

கடைசி நாள் மெஷினை வண்டியில் ஏற்றி, சாவியைப் பேக்கரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவள் பஸ்ஸுக்குப் போனாள். சந்து வழியாகத்தான் போனாளாம். கொல்லைக் கதவைத் தானே வெளியிலிருந்து சாத்துவதாகச் சொல்லிச் சாத்தினாளாம். இரண்டு நிமிடத்தில் பஸ் ஸ்டாப் வந்துவிட்டது, இவ்வளவு சீக்கிரமாவா வந்துடும் என்று அழுதாளாம். அவர்தான் சொன்னார், என் பக்கம் பார்க்காமல், இழுப்பறையில் எதையோ தேடுகிற மாதிரி.

பிறகு பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். பன்னிரண்டாவது கட்டத்தில் அன்றைய தேதி, அவள் கையெழுத்து, பக்கத்திலேயே அவர் கையெழுத்து. அடுத்த வருடத்துக்கான அனுமதி.

"அண்ணே, அவங்களுக்கு அங்க வீடே இல்லையே. அந்தக் கதவு இப்பப் பேக்கரிக்காரரோடது. இந்தக் காகிதம் எதுக்காகும்?" என்றேன். பதினாறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு இதுகூடத் தெரியாதா?

"செல்லாது. தெரியும்" என்றார். "ரெண்டு காப்பி போடு. ஒண்ணு அவளுக்குத் தபால்ல அனுப்பணும்."